பெயர் எழுதாத உபயம்

நம்ம ஊர்க் கோயில்களில் ஒரு வழக்கம் உண்டு. மண்டபத்தில் ஒரு டியூப் லைட் மாட்டினால் போதும், பாதி வெளிச்சம் மறைகிற அளவுக்கு 'உபயம்: இன்னார், இன்னார் குமாரர், இன்ன ஊர்' என்று சிவப்பு எழுத்தில் எழுதிவிடுவார்கள். மின்விசிறிக்கும் உபயம், மணிக்கும் உபயம், தண்ணீர்த் தொட்டிக்கும் உபயம். கொடுத்தவர் பெயர் நாலு பேருக்குத் தெரியட்டுமே, அதில் தப்பு ஒன்றும் இல்லை.

இன்று நம் சங்கக் கூட்டம் முடிந்ததும் மதிய விருந்து இருக்கும். இலை போட்டு, பொரியல், அப்பளம் வைத்து, நடுவில் சோறு விழும். பெரும்பாலும் அது பொன்னியாகவோ, கடைக்காரர்கள் 'ஆந்திரா பொன்னி' என்று விற்கிற பாபட்லாவாகவோ இருக்கும். அந்தச் சோறு யார் உபயம்? விளைவித்த விவசாயியின் உபயம் என்பீர்கள். நூற்றுக்கு நூறு சரி. ஆனால் அந்த விவசாயியின் கையில் விதையைக் கொடுத்தது யார்? அதற்கும் முன்னால், அந்த விதையை உண்டாக்கியது யார்? அங்கே போய்ப் பார்த்தால் ஓர் ஆள் பெயரும் இருக்காது. ஓர் இலாகாவின் பெயர் இருக்கும், அதுவும் இரண்டு மூன்று எழுத்தில் சுருங்கி, பக்கத்தில் ஓர் எண்ணோடு.

அந்த எழுத்துகளுக்குப் பின்னால் இருந்த அரசாங்க விவசாய உத்தியோகஸ்தர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஒரு இஞ்சினியருக்கு நெல்லைப் பற்றி என்ன தெரியும் என்று பழைய நண்பர்கள் கேலி செய்யலாம். செய்யட்டும். ஏன் எழுதுகிறேன் என்பதைப் போகப்போகச் சொல்கிறேன்.

திருத்தணிக்காரனின் நாலு முகவரி

திருத்தணி என்றதும் முதலில் முருகன். அடுத்து, 1888-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் தேதி இங்கே பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன். மூன்றாவதாக, இந்த ஊரைத் தமிழ்நாட்டோடு சேர்க்கப் போராடிய ம.பொ.சி. இம்மூன்றையும் எந்த விழா மேடையிலும் கேட்கலாம். எல்லைக் கதையை மட்டும் இங்கே சுருக்கமாக நினைவுபடுத்திக்கொள்கிறேன், பின்னால் அது தேவைப்படும்.

1911-க்கு முன் திருத்தணி வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அதில் சேர்ந்தது. 1953 அக்டோபர் 1-ஆம் தேதி ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூரோடு திருத்தணியும் ஆந்திராவுக்குப் போயிற்று. போராட்டங்கள், பேச்சுவார்த்தைகள், படாஸ்கர் பரிந்துரை என்று பல கட்டங்கள் கடந்து, 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி சென்னை மாநிலத்துக்குத் திரும்பி, செங்கல்பட்டு மாவட்டத்தில் சேர்ந்தது. 1997-இல் அந்த மாவட்டமும் பிரிந்து திருவள்ளூர் மாவட்டம் வந்தது. ஆக, வீட்டை விட்டு ஓர் அடி நகராத ஒரு திருத்தணிக் குடும்பத்துக்கு நூறு ஆண்டுக்குள் நாலு மாவட்ட முகவரி, இரண்டு மாநில முகவரி!

மேலே இருக்கிற கோடுகள் இப்படி மாறிக்கொண்டிருந்தபோது, கீழே வயலில் என்ன நடந்தது? எந்த மேடையிலும் யாரும் சொல்லாத கதை அதுதான்.

பஞ்சம் பெற்ற பிள்ளை

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைத் தாக்கிய தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி நம் கொள்ளுப் பாட்டிகள் சொல்லக் கேட்டவர்கள் இருப்பீர்கள். பல லட்சம் பேர் மாண்ட பஞ்சம் அது. அதை விசாரித்த பஞ்சக் கமிஷன் 1880-இல் தந்த அறிக்கையில், ஒவ்வொரு மாகாணத்திலும் விவசாயத்துக்கென்று தனி இலாகா வேண்டும் என்று சொன்னது. அதுவரை அரசாங்கத்துக்கும் விவசாயிக்கும் இருந்த உறவு பெரும்பாலும் கிஸ்தி வாங்குகிற உறவுதான். பயிர் எப்படி இருக்கிறது என்று வயலுக்குப் போய்ப் பார்க்க ஒரு உத்தியோகஸ்தர் வேண்டும் என்ற எண்ணம், அத்தனை உயிர் போன பிறகுதான் உறைத்தது.

சென்னை சைதாப்பேட்டையில் 1860-களிலேயே ஒரு சோதனைப் பண்ணை இருந்தது, அதையொட்டி ஒரு விவசாயப் பள்ளியும் நடந்தது. 1906-இல் அந்தப் படிப்பு கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டது. இன்றைய தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேர் அதுதான். 1912-இல் அதே கோவையில் நெல் இனவிருத்தி நிலையம் தொடங்கியது. நாட்டிலேயே நெல்லுக்கென்று தொடங்கிய முதல் சில நிலையங்களில் அது ஒன்று.

அங்கே 'கவர்ன்மெண்ட் எகனாமிக் பாட்டனிஸ்ட்' என்று ஒரு பதவி. அரசுப் பொருளியல் தாவரவியலர் என்று தமிழில் சொல்லலாம். சாப்பாட்டுக்கும் வியாபாரத்துக்கும் உதவுகிற பயிர்களைக் கவனிக்கிற சர்க்கார் தாவரவியலர் என்று பொருள். அந்த நாற்காலியில் எஃப்.ஆர். பார்னெல் என்ற ஆங்கிலேயர் இருந்தார். நெல்லின் குணங்கள் தலைமுறை தலைமுறையாக எப்படி இறங்குகின்றன என்று இந்தியாவில் முதன்முதலாக முறையாக ஆராய்ந்தவர்களில் ஒருவர் அவர்.

வரிசையில் சேராத ஒரு செடி

கோணாமணி என்ற நம் நாட்டு நெல் ரகத்தில், மற்றச் செடிகளோடு ஒத்துப்போகாமல் ஒரு செடி தனியாகத் தெரிந்தது. இயற்கையாகவே மாறிப் போன செடி. சாதாரணமாக இப்படி ஒன்று தென்பட்டால் கலப்பு விதை என்று பிடுங்கிப் போடுவது வழக்கம். இங்கே அதன் மணியைத் தனியாக எடுத்து, தனியாக விதைத்து, அடுத்த போகத்திலும் குணம் மாறாமல் வருகிறதா என்று பார்த்தார்கள். மாறவில்லை. மணி சன்னம், சோறு நயம். 1921-இல் அது விவசாயிகளுக்கு வெளியிடப்பட்டது.

என்ன பெயர் வைத்தார்கள்? பார்னெல் சம்பா என்று வைத்திருக்கலாம். கவர்னர் பெயரை வைத்திருந்தால் பதவி உயர்வுகூடக் கிடைத்திருக்கும்! வைத்த பெயர் ஜி.இ.பி. 24. கவர்ன்மெண்ட் எகனாமிக் பாட்டனிஸ்ட் என்ற பதவியின் முதல் எழுத்துகள், பிறகு ஒரு வரிசை எண். ஊர் ஜனங்கள் அதைக் கிச்சிலிச் சம்பா என்றார்கள். பார்னெல் பிற்பாடு தென்னாப்பிரிக்காவுக்குப் போய்ப் பருத்தி ஆராய்ச்சியில் இறங்கிவிட்டார். நாற்காலி மாறியது, ஆள் மாறினார், விதை மட்டும் இங்கேயே நின்றது.

நம்முடைய டிராயிங் ஷீட்டில் வலது கீழ் மூலையைப் பாருங்கள். வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர் என்று மூன்று கட்டம் இருக்கும். அதில் கையெழுத்துப் போடும்போது நமக்கு உள்ளுக்குள் ஒரு சின்னப் பெருமை. நெல்லில் அந்தக் கட்டமே கிடையாது.

செவ்வாப்பேட்டைக்குப் பக்கத்தில்

திருத்தணியிலிருந்து ரயிலில் சென்னைக்குப் போகிறவர்கள் திருவள்ளூரைத் தாண்டியதும் செவ்வாப்பேட்டை ரோடு ஸ்டேஷனைப் பார்த்திருப்பீர்கள். வேலைக்குப் போன காலத்தில் நானும் நூறு முறை கடந்திருப்பேன், ஒரு முறைகூட யோசித்ததில்லை. அந்தப் பக்கத்தில்தான் திரூர் இருக்கிறது. அங்கே 1942-இல் ஒரு நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. திரூர்க்குப்பம் என்பதைச் சுருக்கி டி.கே.எம். என்ற எழுத்துகளை அங்கிருந்து வருகிற ரகங்களுக்கு வைத்தார்கள்.

ஏன் இங்கே? காவிரிக்கரை மாதிரி ஆறு வந்து பாய்கிற பூமி இல்லை நம்முடையது. ஏரியும் கிணறும்தான் கதி. ஏரியில் எத்தனை நாள் தண்ணீர் நிற்குமோ அத்தனை நாளுக்குள் பயிர் முடிய வேண்டும். சொர்ணவாரி, சம்பா, நவரை என்ற நம் பட்டங்களின் கணக்கே வேறு. தஞ்சாவூரில் நன்றாக விளைகிற நெல் இங்கே தண்ணீரில்லாமல் பாலேறாமல் பதராகிப் போகும். ஆகவே அந்தந்த மண்ணிலேயே உட்கார்ந்து ரகம் கண்டுபிடிக்க ஆள் வேண்டும். ஆடுதுறையில் ஒரு நிலையம், திரூரில் ஒரு நிலையம் என்று பரப்பி வைத்ததன் காரணம் இதுதான்.

திரூர் நிலையம் 1952-இல் வெளியிட்டது டி.கே.எம். 6. ஜி.இ.பி. 24-ஐயும் கோவையின் கோ 18-ஐயும் சேர்த்து உண்டாக்கிய ரகம். நூற்றுப் பத்து நாள் சுமாருக்கு அறுவடைக்கு வந்துவிடும், மணியும் சன்னம்.

'சேர்த்து' என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேன், அந்த வேலையைக் கொஞ்சம் பாருங்கள். நெல் தனக்குத்தானே மகரந்தம் சேர்த்துக்கொள்கிற பயிர். பூ காலையில் கொஞ்ச நேரம்தான் விரியும். தாயாக வைக்கிற செடியில், பூ விரிவதற்கு முன்பே உமியின் நுனியை வெட்டி, உள்ளே இருக்கிற ஆறு மகரந்தப் பைகளையும் சாமணத்தால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் வேலை பாழ். பிறகு காகித உறை போட்டு மூடி, தகப்பன் செடியின் கதிர் விரிகிற நேரம் பார்த்துக் கொண்டுவந்து அதன் மேல் உதற வேண்டும். இவ்வளவுக்கும் கிடைப்பது சில மணிகள். அவற்றை விதைத்தால் அடுத்த தலைமுறையில் ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். அதிலிருந்து பொறுக்கி, மறுபடி விதைத்து, மறுபடி பொறுக்கி, குணம் நிலைப்பதற்குள் எட்டு பத்து வருஷம் ஓடிவிடும். இடையில் அந்த உத்தியோகஸ்தருக்கு மாற்றல் வரும். தான் சேர்த்த நெல்லின் அறுவடையைப் பார்க்காமலேயே வேறு ஊருக்குப் பெட்டி கட்டியவர்கள் இந்த வேலையில் சகஜம்.

டி.கே.எம். 6 வெளிவந்த அடுத்த வருஷம்தான் மாகாணம் உடைந்தது. திருத்தணி அந்தப் பக்கம், திரூர் இந்தப் பக்கம்.

பிலிப்பைன்ஸ் போய் வந்த நெல்

1960-இல் பிலிப்பைன்ஸ் நாட்டில் லாஸ் பானோஸ் என்ற இடத்தில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் அமைக்கப்பட்டது. அங்கிருந்து 1966-இல் வந்ததுதான் ஐ.ஆர். 8. குட்டைப் பயிர், உரத்தை எத்தனை கொட்டினாலும் சாயாது, மகசூலில் ராஜா. ஆனால் மணி பருமன், சோறு ஆறினால் விறைத்துப் போகும். பூச்சித் தாக்குதலும் உண்டு.

உலகத்தின் மூலை முடுக்கிலிருந்து சேகரித்த நெல் ரகங்களில், தண்டுத் துளைப்பானைத் தாங்கி நிற்கிறது எது என்று அங்கே தேடினார்கள். அப்படித் தேறியவற்றில் ஒன்று நம் செவ்வாப்பேட்டைப் பக்கத்து டி.கே.எம். 6! அதை ஒரு பெற்றோராக வைத்து உண்டாக்கி, 1969-இல் வெளியிட்ட ரகம் ஐ.ஆர். 20. சன்ன மணி, நல்ல சோறு. நம் மாவட்ட விவசாயிகள் 'ஐயார் இருபது' என்று வாய் நிறையச் சொன்ன நெல் அதுதான்.

அதோடு நிற்கவில்லை. டாக்டர் குர்தேவ் குஷ் உருவாக்கி 1976-இல் வெளிவந்த ஐ.ஆர். 36-இன் வம்சாவளியிலும் டி.கே.எம். 6 இருக்கிறது. 1980-களில் ஆசியா முழுவதும் சுமார் 1 கோடியே 10 லட்சம் ஹெக்டேரில் ஐ.ஆர். 36 பயிரானது. அதுவரை உலகில் எந்த நெல் ரகமும் அத்தனை பரப்பில் பயிரானதில்லை என்பார்கள். 1996-இல் குஷ் அவர்களுக்கும், அவருக்கு முன்னோடியான ஹென்றி பீச்செல் அவர்களுக்கும் உலக உணவுப் பரிசு கிடைத்தது. தகுதியானவர்களுக்குத் தகுதியான பரிசு. திரூர்க்குப்பத்தில் சாமணம் பிடித்த கைகளுக்கும் அதில் ஒரு சிறு பங்கு உண்டு என்று நாம் சொல்லிக்கொண்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கட்டாக்கில் ஒரு தமிழர்

கோவையில் பார்னெல் தொடங்கிய வேலையைத் தொடர்ந்தவர்களில் முக்கியமானவர் கே. ராமையா. சென்னை மாகாண விவசாய இலாகாவில் நெல் நிபுணராக இருந்தவர். வங்கப் பஞ்சத்துக்குப் பிறகு, 1946-இல் ஒரிசாவின் கட்டாக்கில் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டபோது அதன் முதல் இயக்குநர் அவரே.

1950-களின் தொடக்கத்தில் ஐ.நா.வின் உணவு விவசாய அமைப்போடு சேர்ந்து அங்கே ஒரு பெரிய திட்டம் நடந்தது. உரத்தைத் தாங்குகிற ஜப்பான் வகை நெல்லையும், நம் வெப்ப நாட்டு வகை நெல்லையும் கலப்பது. கலந்த விதைகளை அந்தந்த நாட்டுக்கு, அந்தந்த மாநிலத்துக்கு அனுப்புவது. பொறுக்கி எடுக்கிற வேலையை அவரவர் மண்ணில் அவரவர் செய்துகொள்வது. நூற்றுக்கணக்கான கலப்புகளில் கரை சேர்ந்தவை மிகச் சில. அவற்றில் இரண்டு நமக்கு வேண்டியவை.

ஒன்று, ஆடுதுறை 27. ஜப்பானின் நோரின் 10 ஒரு பக்கம், நம் ஜி.இ.பி. 24 மறு பக்கம். 1965-ஐ ஒட்டி வந்த இந்த ரகம் தஞ்சைக் குறுவையில் மளமளவென்று பரவியது. நாடு கப்பல் கோதுமையை எதிர்பார்த்து நின்ற வருஷங்கள் அவை. இன்னொன்று, மலேசியாவில் பொறுக்கி எடுத்து 1965-இல் வெளிவந்த மசூரி. அந்த மசூரி நம் நாட்டுக்கு வந்து, அதிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டதுதான் நம் வெள்ளைப் பொன்னி.

இப்போது நம் பந்தி இலைக்குத் திரும்புவோம். 1986-இல் ஆந்திராவின் பாபட்லா நிலையம் வெளியிட்ட பி.பி.டி. 5204, அதாவது சம்பா மசூரி, எதிலிருந்து வந்தது தெரியுமா? ஜி.இ.பி. 24, தைவானின் தைச்சுங் நேட்டிவ் 1, பிறகு மசூரி. ஆக, இலையில் விழுவது பொன்னியானாலும் ராமையா முன்னின்ற திட்டம், பாபட்லாவானாலும் அந்தத் திட்டத்தோடு கோவை நாற்காலியின் 24-ஆம் எண்ணும் சேர்த்தி. திருத்தணி யாருக்கு என்று இரண்டு மொழிக்காரர்களும் மல்லுக்கு நின்றார்கள். இரண்டு வீட்டுப் பானையிலும் கொதித்தது ஒரே பாட்டியின் பேத்திகள்!

எங்கள் வீட்டு ஐந்து சென்ட்

இனி நான் ஏன் இதை எழுதுகிறேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

எங்கள் தாத்தாவுக்குத் திருத்தணி பக்கம் கிணற்றுப் பாசனத்தில் கொஞ்சம் நிலம். 1970-களின் தொடக்கத்தில் ஒரு நாள் சைக்கிளில் ஒருவர் வந்தாராம். கைப்பையில் விதைப் பொட்டலம். ஐ.ஆர். 20 போடச் சொல்லியிருக்கிறார்.

"உங்களுக்கென்ன சார், மாசம் பொறந்தா சம்பளம். பயிர் போச்சுன்னா எம் பிள்ளைங்க வாயில மண்ணு" என்று தாத்தா விரட்டாத குறையாகச் சொல்லியிருக்கிறார்.

அவர் கோபிக்கவில்லையாம். "முழு வயல்லயும் போடாதீங்க பெரியவரே. கிணத்து மேட்டுல அஞ்சு சென்ட் மட்டும் எனக்குக் கொடுங்க. மத்ததுல உங்க பழைய நெல்லயே போடுங்க. ரெண்டையும் பக்கத்துப் பக்கத்துல வச்சு நீங்களே பாருங்க" என்றிருக்கிறார்.

வாளித் தண்ணீரில் உப்பைக் கரைத்து, முட்டை மிதக்கிற பதம் வந்ததும் விதையைக் கொட்டச் சொல்லி, மிதந்ததைத் தள்ளி, மூழ்கியதைக் கழுவி எடுத்துக் கொடுத்தது அவர்தான். அந்த முட்டை வித்தையைப் பாட்டி கடைசி வரைக்கும் சொல்லிச் சிரிப்பார். அடர்த்திமானியை லேபில் பார்த்த எனக்கு, அதே தத்துவம் எங்கள் வீட்டுக் களத்தில் ஒரு கோழி முட்டையோடு நடந்திருக்கிறது என்று தெரிந்தபோது ஆச்சரியமாக இருந்தது.

அந்த ஐந்து சென்ட் ஜெயித்தது. அடுத்த வருஷம் முழு வயலிலும் ஐயார் இருபது.

கதை அங்கேயே முடிந்திருந்தால் சினிமா மாதிரி இருந்திருக்கும். சில வருஷம் கழித்துப் புகையான் விழுந்தது. வயலில் வட்ட வட்டமாக, நெருப்பு வைத்தது போலத் தீய்ந்து போயிற்று. தண்டுத் துளைப்பானைத் தாங்கிய ஐ.ஆர். 20-க்குப் புகையானைத் தாங்கத் தெரியவில்லை. அதே ஆள் சைக்கிளில் வந்தார். தாத்தா நடு வரப்பில் நிற்க வைத்துத் திட்டியிருக்கிறார். முழுவதையும் கேட்டுக்கொண்டு, வயலில் இறங்கி, பயிரை விலக்கி, தூரில் பூச்சியைக் காட்டி, தண்ணீரை வடிக்கச் சொல்லிவிட்டுப் போனாராம். "நல்லது வந்தப்பவும் அவர்தான் வந்தார், திட்டு வாங்கவும் அவர்தான் வந்தார்" என்று பாட்டி சொல்வார்.

அவர் பெயர் என்ன என்று கேட்டேன். பாட்டிக்குத் தெரியவில்லை. அப்பாவுக்கும் தெரியவில்லை. 'கிராம சேவக்' என்பார் பாட்டி, 'அக்ரி ஆபீசர்' என்பார் அப்பா. அந்த நிலத்தின் வருமானத்தில்தான் அப்பா படித்தார், அவர் படித்ததால்தான் நான் நம் கல்லூரியில் கால் வைத்தேன். எங்கள் குடும்பத்துக்கு அவர் செய்தது எவ்வளவு பெரிய உபயம்! ஒரு டியூப் லைட் கொடுத்தவருக்குக் கிடைக்கிற எழுத்துகூட அவருக்குக் கிடைக்கவில்லை.

சைக்கிளில் வந்த இலாகா

அவர் தனி ஆள் இல்லை, ஒரு நீண்ட வரிசையில் ஒருவர். சுதந்திரத்துக்கு முன்பு விவசாய இலாகாவில் டெமான்ஸ்ட்ரேட்டர்கள் இருந்தார்கள். 1952 அக்டோபர் 2-ஆம் தேதி சமுதாய வளர்ச்சித் திட்டமும், சரியாக ஒரு வருஷம் கழித்து தேசிய விரிவாக்கப் பணியும் தொடங்கியபோது கிராம சேவக் வந்தார். அவரிடம் விவசாயம் மட்டுமா? கோழி, மாடு, கக்கூஸ், முதியோர் கல்வி எல்லாம் அவர் தலையில். 1960-ஐ ஒட்டித் தஞ்சாவூரில் தீவிர விவசாய மாவட்டத் திட்டம் வந்தது. விதை, உரம், கடன், ஆலோசனை நாலையும் ஒன்றாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 1980-களில், இலாகாவில் 'டி அண்ட் வி' என்று அழைக்கப்பட்ட திட்டத்தில், களப்பணியாளர் பதினைந்து நாளுக்கு ஒரு முறை பயிற்சி பெற்று, குறித்த நாளில் குறித்த ஊருக்கு வந்தாக வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். இன்று அந்த இடத்தில் உதவி வேளாண்மை அலுவலர் இருக்கிறார்.

ஆராய்ச்சி நிலையத்தில் விதை பிறந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. சில கிலோ விதை பல டன்னாகப் பெருக வேண்டும். அதற்கு மஞ்சள் அட்டை வல்லுநர் விதை, வெள்ளை அட்டை ஆதார விதை, நீல அட்டை சான்று விதை என்று படிப்படியான ஏற்பாடு. ஒவ்வொரு படியிலும் ஓர் ஆள் வயலில் நடந்து, கலவன் செடியைப் பிடுங்கச் சொல்லி, முளைப்புத் திறன் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார். நம் தொழிற்சாலைகளில் 'குவாலிட்டி கண்ட்ரோல்' என்று பெருமையாகச் சொல்கிறோமே, அதுதான் இது. கூரைக்குப் பதில் வெயில், அவ்வளவே.

இத்தனைக்கும் பிறகு விவசாயி 'சரி' என்று சொல்ல வேண்டும். நஷ்டம் வந்தால் அது முழுக்க விவசாயிக்கு. சொன்னவருக்கு ஒரு மெமோவோ ஒரு வசவோ. இந்த ஏற்றத்தாழ்வை மறக்காத ஆபீசர்தான் நல்ல ஆபீசர். ஐந்து சென்ட் கேட்டவர் அதை மறக்கவில்லை.

கணக்கில் கழித்தல்

எல்லாம் வரவு என்று எழுதினால் இது வரலாறு ஆகாது. புதிய ரகங்கள் வந்த வேகத்தில் எத்தனையோ நாட்டு நெல் களத்திலிருந்தே மறைந்தது. உரமும் மருந்தும் கடையில் வாங்குகிற பொருளாயின, கடன் கூடியது. கிணற்றில் மோட்டார் இறங்கியது, தண்ணீர் மட்டமும் கூடவே இறங்கியது. ஒரே ரகத்தை ஊரெல்லாம் போட்டால் ஒரே பூச்சி ஊரையே மேய்ந்துவிடும் என்பதைப் புகையான் காட்டிக் கொடுத்தது. இவற்றில் இலாகாவுக்கும் பங்கு உண்டு. அளவுக்கு மேல் உரம் போடச் சொன்னதும் அதே சைக்கிள்தான் என்று சொல்லும் பெரியவர்களை நான் சந்தித்திருக்கிறேன்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பார்னெல் கையில் கிடைத்தது யாரோ பெயர் தெரியாத விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றிய கோணாமணி. டி.கே.எம். 6-க்குள் இருந்ததும் நம் மண்ணின் நெல். பழையதைப் பத்திரப்படுத்தாமல் புதியது பிறக்காது. நாட்டு நெல்லைச் சேமிக்கிறவரும், புதிய ரகம் தேடுகிறவரும் எதிரெதிர்க் கட்சி மாதிரி சண்டையிடும்போது எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. இருவரும் ஒரே குதிரிலிருந்து அள்ளுகிறவர்கள்.

திரூர் நிலையம் இன்றும் இருக்கிறது, வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ். 2015-இல் அங்கிருந்து வெளிவந்தது டி.கே.எம். 13. பாபட்லா நெல்லுக்கு மாற்றாக, சன்ன மணியோடு 130 நாள் வயதில் வருகிற ரகம். அதன் பெற்றோர் யார் என்று பார்த்தேன். ஒன்று வாரங்கல்லின் டபிள்யூ.ஜி.எல். 32100. மற்றொன்று ஆந்திராவின் மார்ட்டேரு நிலையம் தந்த ஸ்வர்ணா, அதற்குள்ளும் மசூரி ரத்தம். நம்மிடமிருந்து போன ஜி.இ.பி. 24 பாபட்லாவில் வேலை செய்தது, அவர்களிடமிருந்து வந்த ஸ்வர்ணா திரூரில் வேலை செய்கிறது. எல்லைக் கல்லை யார் எங்கே நட்டாலும், நெல் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

தம்பி, தங்கைகளுக்கு

இன்று படிக்கிற மாணவச் செல்வங்களுக்கு ஒரு வார்த்தை. உங்களில் பலர் போட்டித் தேர்வு எழுதுவீர்கள். விவசாய இலாகாவில் வேலை கிடைத்தால், "பரவாயில்லை, வேற நல்லது கிடைக்கிற வரைக்கும் இரு" என்று உறவினர்கள் சொல்லக்கூடும். அப்படிச் சொல்கிறவர்களுக்கு, சாப்பாட்டு நேரம் பார்த்து இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

வேறு வேலைக்குப் போகிறவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. நான் வேலை செய்கிற இடத்தில் ஒரு சின்ன மாற்றம் செய்தாலும் மெயிலில் பத்துப் பேருக்கு என் பெயர் போக வேண்டும் என்று துடிக்கிறேன். பெயரே வராது, பலனைப் பார்க்கக்கூட வாய்ப்பில்லை என்று தெரிந்தும் எட்டு பத்து வருஷ வேலையை நேர்மையாகச் செய்வதற்கு என்ன மனசு வேண்டும்! திட்டு வாங்கத் திரும்பி வருவதற்கு அதைவிடப் பெரிய மனசு வேண்டும்.

ஊருக்குப் போகும்போது உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்: "நம்ம நிலத்துக்கு முதல் முதல்ல புது விதை கொண்டுவந்தவர் பேர் என்ன?" ஒருவருக்காவது ஞாபகம் இருந்தால் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த சந்திப்பின் மலரில் அந்தப் பெயர்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்கும்படி சங்கப் பொறுப்பாளர்களை இப்போதே கேட்டுக்கொள்கிறேன். எங்கள் வீட்டுப் பெயரை என்னால் தர முடியவில்லை. 'கிராம சேவக், ஐந்து சென்ட்' என்று போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, பந்திக்கு மணி அடித்துவிடப் போகிறார்கள். இலையில் சோறு விழுந்ததும் முருகனை நினைத்துக்கொள்கிறவர்கள் நினைத்துக்கொள்ளுங்கள். அதோடு செவ்வாப்பேட்டைப் பக்கம் ஒரு கும்பிடும் போட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். இலையில் மட்டும் ஒன்றையும் மிச்சம் வைக்காதீர்கள்.